உள்ளே அமைதி, வெளியே அதிரடி

‘சைலன்சர்’ என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ‘அவன் சைலன்சர் மாத்தியிருக்கான்டா’ என்று யாராவது சொன்னால், வண்டி அமைதியாகிவிட்டது என்று தமிழ்நாட்டில் ஒருத்தரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல் அதிர்கிறது என்றுதான் அர்த்தம். சத்தத்தை அடக்கப் பிறந்த கருவியின் பெயர், சத்தம் போடும் கருவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120ஆம் விதி இந்தக் கருவியைப் பற்றியது. எல்லா மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும். விரிவறை மூலமாகவோ வேறு வழியிலோ, புகை வெளியேறும்போது எழும் சத்தத்தை நடைமுறையில் முடிந்த அளவு அது குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். முடிந்த அளவு கூட்டுவதற்கென்றே இன்று ஒரு சந்தை இருக்கிறது. பெரிய ஊர்களில் அதற்கான கடைகள். யூடியூபில் ‘மாத்துறதுக்கு முன்னாடி, மாத்துன பின்னாடி’ வீடியோக்கள். சனி ஞாயிறு வந்தால் பரீட்சித்துப் பார்க்க மலைச்சாலைகள். அந்த மலைச்சாலைகளில் ஒன்று எங்கள் ஊர்ச் சாலை. போடிநாயக்கனூரில் கிளம்பி, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழையும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் எக்ஸாஸ்டை மாற்றிக்கொண்டு இந்த மலையில் ஏறுகிறவர்கள் இதை ரசனை என்கிறார்கள். ‘என் வண்டி, என் காசு, என் சவுண்டு’ என்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தப்பு. குழாயின் வாயைத் தாண்டிய பிறகு அந்தச் சத்தம் அவர்களுடையது இல்லை. அதைக் கேட்கிறவர்களில் மிகக் குறைவாகக் கேட்பவரே அவர்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

குழாய்க்குள் நடப்பது

எதிரியின் கலையைப் புரிந்துகொள்ளாமல் திட்டுவது சோம்பேறித்தனம். அதனால் கொஞ்சம் பொறியியல்.

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவை வெடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தமான வாயு ஒரு குத்து மாதிரி குழாய்க்குள் பாய்கிறது. நாலு சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 100 குத்து. அதாவது 100 ஹெர்ட்ஸ் அடிநாதம். மூணு சிலிண்டர் என்றால் அதே வேகத்தில் 75. இந்த அடிநாதத்தின் மேல் அதன் மடங்குகள் அடுக்கடுக்காக ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த மடங்கு தூக்கலாக இருக்கிறது, எது அமுங்கியிருக்கிறது என்பதுதான் ஒரு காரின் குரல்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் இந்தக் குத்துகள் வரிசையாகச் சில வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதன் வேலை நச்சு வாயுவை மாற்றுவது. ஆனால் தேன்கூடு மாதிரியான அதன் நுண்துளைகள் சத்தத்தையும் கொஞ்சம் தின்னும். அடுத்து நடுவில் ஒரு ரெசனேட்டர். குறிப்பிட்ட ஒரு சுருதியைக் குறிவைத்து அமுக்குவதற்காக. கடைசியில் பின் மஃப்ளர். அதன் அறைகளில் அலைகள் மோதித் திரும்பி, எதிரே வரும் அலைகளோடு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிலவற்றில் துளையிட்ட குழாயைச் சுற்றி கண்ணாடி இழை அடைத்திருப்பார்கள். மேல்சுருதிகள் அதற்குள் புகுந்து வெப்பமாகிச் செத்துப்போகும். 1897-இலேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் என்ஜினுக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கார் என்ற பொருள் தெருவில் தவழ ஆரம்பித்தபோதே, இதன் வாயைக் கட்டாவிட்டால் ஊர் தாங்காது என்று தெரிந்திருக்கிறது.

வெளியே வாங்கி மாட்டும் அமைப்புகள் இந்த வாசல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. பின் மஃப்ளரை மட்டும் மாற்றினால் ‘ஆக்ஸில் பேக்’. குரல் கொஞ்சம் கரகரக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் எல்லாவற்றையும் மாற்றினால் ‘கேட் பேக்’. அடிநாதம் கனக்கும், மேல்சுருதிகள் வெளியே வரும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் ‘ஸ்ட்ரெய்ட் பைப்’. கன்வெர்ட்டரையும் பிடுங்கி எறிந்தால் சத்தத்தோடு நச்சும் கட்டவிழ்ந்து வரும். இது போதாதென்று மென்பொருளில் கை வைப்பவர்களும் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோலை எரியாமல் குழாய்க்குள் தள்ளி, சூடான குழாய்க்குள் அதை வெடிக்க வைக்கும் வித்தை. ‘பாப்ஸ் அண்ட் பேங்ஸ்’ என்பார்கள். தமிழில் பட்டாசு. தொழிலால் மென்பொருள்காரனான எனக்கு இந்தக் கடைசி வித்தைதான் ரொம்ப உறுத்துகிறது. எரிபொருளை வீணாக்காமல் இருக்க எத்தனையோ பேர் எழுதிய நிரலை, எரிபொருளை வீணாக்கிச் சத்தம் போடுவதற்காகத் திருத்தி எழுதுகிறார்கள்.

இதில் கலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல என்ஜினின் குரல் எனக்கும் பிடிக்கும். ஒரு குரலின் நிறத்தை மாற்றுவது, சுருதிகளில் எதைத் தூக்குவது எதை அமுக்குவது என்று தீர்மானிப்பது, இதெல்லாம் கைத்தொழில்தான். ஆனால் நிறம் வேறு, அளவு வேறு. ஹூண்டாய் தன் ஐ20 என் லைன் காரை சட்டத்தின் வரம்புக்குள்ளேயே கொஞ்சம் முறுக்கான குரலோடு விற்றது. நிறத்தை மாற்ற அளவைக் கூட்ட வேண்டியதில்லை என்பதற்கு அது போதுமான சாட்சி. சந்தையில் விற்பதில் பெரும்பகுதி அளவு; நிறம் என்ற பெயரில்.

அப்புறம் ‘பவர்’ கதை. குழாயைத் திறந்துவிட்டால் என்ஜின் மூச்சுவிடும், சக்தி கூடும் என்பது. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் என்ஜினில், வேறெதையும் தொடாமல் பின் மஃப்ளரை மட்டும் மாற்றினால் கிடைப்பது ஓட்டும்போது உணர முடியாத அளவு. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் வாயுவின் வேகம் குறைந்து, கீழ் சுற்றுகளில் இழுவையே குறையலாம். மலை ஏற வேண்டியது அந்தக் கீழ் சுற்றுகளில்தான். ஆக, வளைவில் திணறுகிற காரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஸ்டிக்கரோடு ஏற்றுகிறார்கள். மூணு சிலிண்டர் காரில் எவ்வளவு பெரிய குழாய் மாட்டினாலும் அது எட்டு சிலிண்டர் ஆகாது. வினாடிக்கு 75 குத்து, 75 குத்துதான். சத்தமாக 75.

ஒரு கார், நூறு கார்

இந்தியாவில் ஒன்பது இருக்கைக்குள் உள்ள ஒரு பயணிகள் கார் தயாரிப்பு நிலையில் ஒலிச் சோதனையைத் தாண்ட வேண்டும். 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, காரை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். வரம்பு 74 டெசிபல்.

டெசிபல் என்பது நம்மை ஏமாற்றுகிற அளவு. அது கூட்டல் கணக்கில் நடப்பதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 74-இல் இருந்த கார் 94 ஆனால், ‘என்ன, இருபதுதானே’ என்று தோன்றும். ஒலி ஆற்றலின் கணக்கில், அந்த ஒரு காரில் வருகிறவர் நூறு காரோடு வருகிறார்.

இப்போது மலைக்கு வருவோம். தடையில்லாத வெளியில் ஒலி ஒவ்வொரு முறை தூரம் இரட்டிக்கும்போதும் 6 டெசிபல் குறையும். 7.5 மீட்டரில் 94 என்றால் 15 மீட்டரில் 88, 30-இல் 82 என்று இறங்கி, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டரில் 58. அது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுகிற அளவு. அரை கிலோமீட்டர் தள்ளிப் போகிற ஒருவன், கூப்பிடாமலே வந்து உங்கள் காதருகே பேசுகிறான். கம்பெனிக் காராக இருந்திருந்தால் அதே இடத்தில் 38. காற்று இலையை அசைக்கிற சத்தத்தில் அது கரைந்துபோயிருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45. அது சராசரிக் கணக்கு என்பது உண்மை. ஆனால் தூக்கம் சராசரியில் கலைவதில்லை. ஒரு காரில் கலைகிறது.

நிஜ மலையில் மரமும் காற்றும் இந்தக் கணக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தும். ஆனால் சமவெளியைவிட மலைச்சாலை சத்தத்துக்கு வசதியான இடம். சமவெளித் தெருவில் ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டைக் காப்பாற்றும். போடிமெட்டுச் சாலையில் மேல் வளைவிலிருந்து பார்த்தால் கீழ் வளைவுகளும் எதிர்ச்சரிவும் அப்படியே தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கெல்லாம் காதும் போகும். மேல்சுருதிகளைக் காற்று வழியிலேயே தின்றுவிடும். இந்தக் குழாய்கள் பெருக்குகிற அடிச்சுருதிகளோ வெகுதூரம் போகும். கொண்டை ஊசி வளைவு வேறு ஒரு ராட்சச ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்கிறது. வளைவுக்கு முன் காலை எடுக்க வேண்டும்: பட்டாசு. வளைவில் முதல் கியரோ இரண்டாவதோ: உறுமல். வளைந்ததும் மிதிக்க வேண்டும்: முழக்கம். நேர் சாலையில் வினாடிகளில் கடந்துபோகிற கார், இங்கே ஒரே சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பதினேழு தடவை அதே கச்சேரி.

யார் காதில்?

இந்தச் சரிவுகளில் காது என்பது வேலைக்கருவி. தேனி மாவட்டத்தின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, இந்தச் சாலை வழியாகவும் கம்பம்மெட்டு, குமுளி வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரில், தரையோடு தரையாக. குனிந்தும் உட்கார்ந்தும்தான் பறிக்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளுக்கும் நிழல் மரங்களுக்கும் இடையில் பக்கத்து ஆள் தெரிய மாட்டார். கூப்பிட்டுக் குரல் கொடுத்துத்தான் ஒருவர் இருப்பதை ஒருவர் தெரிந்துகொள்வது. மெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை, சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதிகளில் அந்தக் காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிளை முறிகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அது யானையின் சத்தம்.

2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அரிக்கொம்பன், மே மாதக் கடைசியில் கம்பம் நகரத்துக்குள் இறங்கி ஓடியதை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த மலையில் மனிதனும் யானையும் எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு குறைந்த எச்சரிக்கையோடு வாழ்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலியியலில் மறைப்பு என்றொரு விஷயம் இருக்கிறது. ஓங்கிய அடிச்சுருதி, தனக்கு மேலே இருக்கிற சுருதிகளைக் காதில் விழாமல் மறைத்துவிடும். தலைகீழாக நடப்பது குறைவு. எக்ஸாஸ்ட் முழக்கம் அடிச்சுருதி. வளைவுக்கு அந்தப் பக்கம் ஜீப்காரர் அடிக்கிற ஹார்ன், தோட்டத்தில் தோழி கொடுக்கிற குரல், கிளை முறிகிற சத்தம், இவை எல்லாம் அதற்கு மேலே இருப்பவை. அந்தக் கார் கடக்கிற அரை நிமிடம், சரிவில் இருப்பவர்களின் காதைப் பொத்திவிடுகிறது. அவர்கள் அனுமதி இல்லாமல்.

சரி, அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் காதில் என்ன விழுகிறது? எனக்கு இந்த விவகாரத்தில் ரொம்பப் பிடித்த, ரொம்பக் கோபம் வருகிற பகுதி இதுதான். குழாய் மாற்றியவர்களின் முதல் புகார் ‘ட்ரோன்’. 2000, 2500 சுற்றில் ஒரே சீராக ஓட்டும்போது, 70, 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ரீங்காரம் காருக்குள் நிறைந்து தலைவலி கொடுக்கும். அதற்கும் சந்தையில் மருந்து இருக்கிறது. கதவுக்குள்ளும் டிக்கியின் அடியிலும் ஒட்டுகிற டாம்பிங் ஷீட். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஷீட்டும் ஒட்டிவிட்டால் உள்ளே பாட்டு கேட்கலாம். சத்தத்துக்கு ஒரு பில், அந்தச் சத்தம் தன் காதில் விழாமல் இருக்க இன்னொரு பில். உள்ளே அமைதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே முழக்கத்தை இலவசமாக விநியோகிக்கிறார்கள். விலை கூடிய அமைப்புகளில் ரிமோட்டில் இயங்குகிற வால்வ் ஒன்றும் உண்டு. தன் அபார்ட்மென்டில் நுழையும்போது மூடிக்கொள்ளலாம், குழந்தை தூங்குகிறதே. மலையில் திறந்துகொள்ளலாம். யாருடைய தூக்கம் தூக்கம், யாருடையது இல்லை என்று அந்த பொத்தானுக்குத் தெரியும்.

பதில்களுக்குப் பதில்

‘சத்தம் இருந்தால்தான் எதிரே வருகிறவனுக்குத் தெரியும், விபத்து குறையும்’ என்பது முதல் வாதம். பைக்காரர்களிடமிருந்து கார்காரர்கள் கடன் வாங்கியது. குழாயின் வாய் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து முன்னால் வருகிறது. அடிச்சுருதி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது காதுக்குக் கடினம். மலையில் எதிரொலி வேறு. ‘எங்கேயோ ஒரு கார்’ என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. இந்தச் சாலையில் தலைமுறைகளாக எச்சரிக்கைக்கு என்று ஒரு மொழி இருக்கிறது. வளைவுக்கு முன் ஒரு ஹார்ன், ராத்திரியில் ஹெட்லைட்டை ஒரு தடவை மின்னவிடுவது, ஏறுகிற வண்டிக்கு வழி கொடுப்பது. ஹார்ன் ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எக்ஸாஸ்ட் ‘நான், நான், நான்’ என்று மெட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போகும்.

இரண்டாவது வாதம்: ‘ஜீப்பெல்லாம் சத்தமே போடலையா? உங்க ஊர் ஜீப்பு ஓட்டைக் குழாயோடதானே ஏறுது?’ ஏறுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் என் கட்சிதான். ஆனால் ஜீப்பின் சத்தம் தேய்மானம். பன்னிரண்டு பேரை மேலே ஏற்றுகிற வேலையின் கூடவே வருவது. குழாயைச் சரிசெய்யக் காசு கிடைத்தால் குறைவது. இந்தச் சத்தமோ காசு கொடுத்தால் கூடுவது. வேலையின் மிச்சமாக வருகிற சத்தத்தையும், சத்தத்தையே வேலையாகச் செய்வதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மூன்றாவது: ‘கோயில் மைக், கல்யாண மைக், கட்சி மைக்கை எல்லாம் விட்டுவிட்டு எங்களிடம் வருகிறீர்களே?’ விடவில்லை. ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் கொடுத்த தீர்ப்பு ஒலிபெருக்கி, பட்டாசு, வாகன ஹார்ன் எல்லாவற்றையும் சேர்த்தே பேசியது. அமைதியாக வாழ்வது உயிர்வாழும் உரிமையின் பகுதி. கேட்க விரும்பாதவன் காதில் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஊர்த் திருவிழா மைக்கைப் பிடிக்காவிட்டால் விழாக் கமிட்டியிடம் போய்ச் சண்டை போடலாம். முகம் தெரியும், தேதி தெரியும், மூன்று நாளில் முடியும். வளைவில் மறைந்த காரோடு யார் பேசுவது?

நான்காவது வாதத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ‘இது இளைஞர்களின் அடையாளம், ஒன்றுமில்லாதவன் தன்னைக் கவனிக்கச் சொல்வதற்கு இருக்கிற ஒரே வழி’ என்பது. பழைய பைக்கில் மலிவான குழாய் மாட்டிக்கொண்டு தெருவில் இரண்டு தடவை போய்வருகிற பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி என்றால் அதில் உண்மை இருக்கிறது. அவன் வேண்டுவது சத்தம் இல்லை. யாராவது திரும்பிப் பார்ப்பது. ஆனால் பல ஊர்களில் போலீஸ் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் வீடியோக்களைப் பாருங்கள். நசுங்குவது பெரும்பாலும் அந்தப் பையன்களின் பைக் குழாய்கள். ரிமோட் வால்வ் வைத்த கார், சோதனைச்சாவடியில் வால்வை மூடிக்கொண்டு பூனை மாதிரி கடந்துபோய்விடும். எக்ஸாஸ்ட் அமைப்புக்கு மட்டும் லட்ச ரூபாய் செலவழிக்கிறவரை ‘ஒன்றுமில்லாதவன்’ என்று எந்த சமூகவியலும் சொல்லாது. ஏழைப் பையனின் ஏக்கத்தை அவர் தன் வண்டிக்குக் கேடயமாகப் பிடிப்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

‘போலி’ சத்தத்துக்கு ஒரு வக்காலத்து

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பிஎம்டபிள்யூ தன் எம்5 காரில் ஒரு காரியம் செய்தது. என்ஜினின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் காருக்குள்ளே ஒலிக்கவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், ‘போலி’ என்றார்கள். இன்று மின்சாரக் கார்களுக்குச் சத்தமே தனியாக இசையமைக்கப்படுகிறது. மஹிந்திரா தன் மின்சார எஸ்யூவிகளின் ஒலிகளுக்கு ஏ.ஆர். ரஹ்மானை அழைத்தது. அதையும் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. காருக்குள் ஒலிக்கிற அந்தப் போலிச் சத்தம்தான் ‘என் வண்டி, என் காசு, என் சவுண்டு’ என்ற முழக்கத்துக்கு நேர்மையாக இருக்கிறது. காசு கொடுத்தவர் கேட்கிறார், கொடுக்காதவர் கேட்பதில்லை. ‘அதுல ஃபீல் இல்லை ப்ரோ’ என்று நீங்கள் சொன்னால், கேட்காதவன் காதில் விழுவதுதான் அந்த ஃபீல் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

நிஜ சத்தத்துக்கும் இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும் அதற்குத்தான் இருக்கின்றன. இந்தியாவின் கார் பந்தய வரலாற்றில் பாதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. தடத்தில் கத்துகிற காரைக் கேட்க ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஏலத் தோட்டத்தில் யாரும் டிக்கெட் வாங்கவில்லை.

முந்தலில் ஒரு மைக்

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவ்வளவு இருந்தும், ‘பந்தயத் தடத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு, பந்தயத் தடத்தைப் படத்தில்கூடப் பார்க்காத கார்களுக்கு அதை மாட்டிவிடும் கடைகள் பட்டப்பகலில் திறந்திருக்கின்றன. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் குழாய்க்குள் குச்சியை விட்டுப் புகையைப் பார்ப்பார்கள். அந்தக் குழாயிலிருந்தே வருகிற சத்தத்துக்குச் சான்றிதழில் கட்டம் கிடையாது.

ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணம் மலைச்சாலைகளால் ஆனது. அங்கே 2020 கோடையில் சில பள்ளத்தாக்குச் சாலைகளில் ஒரு தடை வந்தது. நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் என்று பதிவான மோட்டார் சைக்கிள்கள் அந்தச் சாலைகளில் நுழையக் கூடாது. ஓட்டிகள் சங்கங்கள் கத்தின. ஆனால் தர்க்கம் எளிமையானது: மலைக்குள் வருவது என்றால் மலையின் நிபந்தனைக்கு உட்பட்டு வா.

நமக்கும் இது முடியாத காரியமில்லை. நின்ற நிலைச் சோதனைக்கு அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் ஒரு மைக் போதும். முந்தலில் ஏற்கெனவே சோதனைச்சாவடி இருக்கிறது. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளில் அங்கே ஒரு ஒலிமானியோடு ஒருவர் நிற்கட்டும். வால்வ் இருந்தால் திறந்து வைத்துச் சோதிக்கட்டும். வரம்பைத் தாண்டினால் அபராதம் ஒரு பக்கம் இருக்க, வண்டி அங்கேயே திரும்பட்டும். பைக்கும் காரும் ஜீப்பும் ஒரே வரிசையில், ஒரே மைக்குக்கு முன். ரோடு ரோலர் வேடிக்கையைவிட இது சலிப்பானது, வீடியோவுக்கு ஆகாது. அதனாலேயே வேலை செய்யும்.

மலைக்குச் சத்தமே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்துப்பாட்டில் ஒரு முழு நூலின் பெயரே மலையின் சத்தத்தால் ஆனது: மலைபடுகடாம். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்த பெயர். அருவி, தேன் எடுப்பவர்கள், குரவை ஆடுபவர்கள், கிளி விரட்டும் பெண்கள், தினை குற்றுபவர்களின் பாட்டு என்று ஓசைகளை வரிசையாக அடுக்குகிறது அது. வழிநடைக்காரன் காதால் மலையைத் தெரிந்துகொள்கிறான். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. யாரோ எதையோ செய்கிறார்கள். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று அழிவதில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்க முடிந்ததால்தான் அது பட்டியலாக இருக்கிறது. இன்றைக்கு அந்த வழிநடைக்காரன் முந்தலிலிருந்து நடந்தால் அவன் பட்டியல் நீளாது. எல்லாவற்றின் மேலும் ஒரு சத்தம் உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, இந்த மலைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உங்கள் கார் எப்படிக் கேட்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். அடுத்த தடவை வரும்போது பாதி மலையில், புலியூத்துப் பக்கம், வண்டியை நண்பனிடம் கொடுத்து மேலே போகச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஓரமாக நின்றுகொள்ளுங்கள். முதல் வளைவில் சிரிப்பீர்கள். அது மூன்றாவது வளைவுக்குப் போகும்போது கைபேசியில் யாரோடாவது பேச முயன்று பாருங்கள். அவன் மெட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.